இரண்டு தாலந்து பெற்ற பணியாளர்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)

 

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. வழக்கம்போல ஞாயிறு திருப்பலியின் முடிவில், நம் பங்கில் அதிக மதிப்பெண் எடுத்த மூன்று பேரைப் பீடத்துக்கு முன்னால் அழைத்தோம். பொன்னாடை போர்த்தினோம், கைதட்டினோம். அன்று மாலை, கோவில் கதவைச் சாத்தும் நேரத்தில், ஒரு தாயும் மகளும் பங்குமனைக்கு வந்து நின்றார்கள். மகள் எடுத்தது 600-க்கு 371. காலையில் கைதட்டியவர்களில் அவளும் ஒருத்தி. கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள்.

"சாமி, இவளுக்குச் சின்ன வயசுல இருந்தே நர்சிங் படிக்கணும்னு ஆசை. எங்க மாமியா ரெண்டு வருசம் படுக்கையில கெடந்தப்ப இவதான் பார்த்துக்கிட்டா. இந்த மார்க்குக்குப் பி.எஸ்சி. நர்சிங் கெடைக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒருத்தர், ரெண்டு லட்சம் முன்பணம் கட்டுனா சீட்டு வாங்கித் தர்றேங்கிறார். நகையை அடகு வச்சிரலாமா? இல்ல, நீங்க ஒரு லெட்டர் குடுத்தாப் போதுமா?"

தாய் கேட்டுக்கொண்டே இருந்தார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தத் தாயின் கேள்வி இன்று பல வீடுகளில் கேட்கும் கேள்வி. எனவே இன்று நாம் இதைப்பற்றியே சிந்திப்போம்.

மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமை நமக்கு நன்கு தெரியும். தலைவர் ஒருவருக்கு ஐந்து, ஒருவருக்கு இரண்டு, ஒருவருக்கு ஒன்று எனத் தாலந்துகளைக் கொடுத்துவிட்டுப் பயணம் போகிறார். ஐந்து பெற்றவரைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். ஒன்றைப் புதைத்து வைத்தவரைப் பற்றி எச்சரிக்கையாகப் பேசுகிறோம். நடுவில் நிற்கும் இரண்டு தாலந்துக்காரரை யாரும் கண்டுகொள்வதில்லை. நாமும் மறையுரைகளில் அவரை ஒரு வரியில் கடந்து போயிருக்கிறோம். ஆனால் தலைவர் திரும்பி வந்தபோது ஐந்து பெற்றவருக்குச் சொன்ன பாராட்டையே இரண்டு பெற்றவருக்கும் சொல்கிறார். ஒரு சொல்கூடக் குறையவில்லை. ஐந்தாக ஏன் கொண்டுவரவில்லை என்று அவர் கேட்கவும் இல்லை. தூணுக்குப் பின்னால் நின்ற அந்த மகள் இரண்டு தாலந்துக்காரர்.

அதற்காக, மதிப்பெண் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. மருந்தின் அளவைக் கணக்கிடுவதில் ஒரு புள்ளி இடம் மாறினால் ஓர் உயிர் போகலாம். செவிலியர் படிப்பில் உடற்கூறியல் உண்டு, உடலியங்கியல் உண்டு, மருந்தியல் உண்டு. பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருக்கும். இரக்கம் மட்டும் போதும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் நாம் அவர்களை ஏமாற்றுகிறோம். இரண்டு தாலந்துக்காரரும் சும்மா இருக்கவில்லை. உழைத்துத்தான் இரண்டை நான்காக்கினார்.

அந்த மகளின் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்தோம். உயிரியல் 79, வேதியியல் 64, இயற்பியல் 60. மொத்தத்தைக் கீழே இழுத்தவை தமிழும் ஆங்கிலமும் கணிதமும். இங்கேதான் பல பெற்றோர் தடுமாறுகிறார்கள். பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கைக்கு நமது மாநிலத்தில் இதுவரை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படை. தரவரிசைக்கு எடுத்துக்கொள்வது இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்களை. 600-க்கு எவ்வளவு என்பதை அல்ல. விண்ணப்பிக்கும் தகுதிக்கு இந்த அறிவியல் பாடங்களில் பொதுவாக 45 விழுக்காடு போதும். ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டும். அந்த மகள் 300-க்கு 203 வைத்திருக்கிறாள். தகுதிக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டாள். தனக்குத் தகுதியே இல்லை என்று நினைத்து அழுதுகொண்டிருந்திருக்கிறாள்!

தகுதி வேறு, கட்-ஆஃப் வேறு. கட்-ஆஃப் என்பது யாரோ ஒருவர் முன்கூட்டியே வரைந்து வைக்கும் கோடு அல்ல. இடங்கள் தீர்ந்துபோகும் இடம் அது. ஆண்டுக்கு ஆண்டு மாறும். கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஒரே ஆண்டில் சுற்றுக்குச் சுற்றும் மாறும். வேறு படிப்பில் இடம் கிடைத்தவர்கள் விலகும்போது காலியிடம் வருகிறது. அரசு நர்சிங் கல்லூரிகளில் இடங்கள் குறைவு. இந்த மதிப்பெண்ணுக்கு அங்கே கிடைப்பது கடினம் என்பதை அந்தத் தாயிடம் மறைக்கவில்லை. ஆனால் தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. அவற்றுக்குக் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழுவே கலந்தாய்வு நடத்துகிறது. ஆகவே கடைசித் தேதிக்குள் விண்ணப்பியுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை இப்போதே வாங்கி வையுங்கள். பெயர் பெற்ற ஒன்றிரண்டு கல்லூரிகளை மட்டும் கேட்டுவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். முதல் சுற்றில் கிடைக்கவில்லை என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

அப்படியும் கிடைக்காவிட்டால்? மூன்றாண்டு நர்சிங் டிப்ளமோ இருக்கிறது. அதை முடித்தவரும் பதிவு பெற்ற செவிலியர்தான். அதன்பின் இரண்டு ஆண்டுகள் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படித்துப் பட்டமும் பெறலாம். நான்கு ஆண்டுகளில் போய்ச் சேரும் ஊருக்கு ஐந்து ஆண்டுகளில் போய்ச் சேர்கிறோம். அவ்வளவுதான்.

அடுத்து அந்த இரண்டு லட்சம். பணம் வாங்கிக்கொண்டு தரவரிசையில் யாரையும் மேலே ஏற்றிவிட முடியாது. முடியும் என்று சொல்பவர் பொய் சொல்கிறார். எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும், இந்திய நர்சிங் கவுன்சிலின் ஏற்பும் மாநில நர்சிங் கவுன்சிலின் ஏற்பும் இருக்கிறதா, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏற்பில்லாத இடத்தில் படித்தால் கையில் ஒரு தாள் இருக்கும். செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. அசல் சான்றிதழ்களை இடைத்தரகர் கையில் கொடுக்காதீர்கள். ஆசைப்பட்டு நகையை இழந்த குடும்பங்கள் பங்குமனை வாசலில் அழுததை நாம் பார்த்திருக்கிறோம்.

அந்தத் தாய் கேட்ட கடிதத்தையும் எழுதினோம். அவள் இன்ன குடும்பத்துப் பிள்ளை, பாட்டியை இரண்டு ஆண்டுகள் பேணியவள் என்ற உண்மையை எழுதினோம். பங்குத்தந்தையின் கடிதம் ஒரு பிள்ளை யார் என்று சொல்லலாம். 60-ஐ 90 ஆக்காது. அதையும் அவர்களிடம் சொல்லியே கொடுத்தோம்.

புனித கமில்லுஸ் தெ லெல்லிஸை நினைத்துப் பார்ப்போம். இத்தாலியில் 1550-இல் பிறந்தவர். படைவீரர், சூதாடிக் கையிலிருந்ததை எல்லாம் இழந்தவர். காலில் ஆறாத புண். உரோமை நகரில் புனித யாக்கோபு மருத்துவமனையில் பணியாளராக இருந்தபோது அவருடைய நடத்தையைப் பார்த்து வெளியே அனுப்பினார்கள். 1575-இல் மனம் மாறினார். கப்புச்சின் சபையில் சேரப் போனார். காலிலிருந்த புண் அங்கேயும் தடையாயிற்று. திரும்ப அதே மருத்துவமனைக்கு வந்து நோயாளர்களுக்குப் பணி செய்தார். காலப்போக்கில் அதன் மேற்பார்வையாளரே ஆனார். முப்பது வயதைக் கடந்தபின் சிறுவர்களோடு வகுப்பில் அமர்ந்து இலத்தீன் படித்து, 1584-இல் குருவானார். நோயாளர் பணிக்கென்று ஒரு சபையையே தொடங்கினார். 1930-இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் அவரைச் செவிலியரின் பாதுகாவலராக அறிவித்தார். விலக்கப்பட்டவரை, தடுக்கப்பட்டவரை, பிந்திப் படித்தவரைத் திருச்சபை செவிலியர் அனைவருக்கும் பாதுகாவலராகத் தந்திருக்கிறது.

அன்பர்களே, ஒரு தாலந்துக்காரர் அதை ஏன் புதைத்தார்? தாலந்து குறைவு என்பதால் அல்ல; பயத்தால். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பயத்தைக் கொடுப்பது யார்? பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் பெற்றோரா? மூன்று பேருக்கு மட்டும் பொன்னாடை போர்த்தும் பங்குச் சமூகமா? இந்தக் கேள்வி முதலில் நம்மைத்தான் குத்துகிறது. அடுத்த ஆண்டு தேர்வு எழுதிய பிள்ளைகள் அனைவரையும், தேர்ச்சி பெறாதவர்களையும் சேர்த்து, பீடத்துக்கு முன்னால் அழைத்து ஆசீர் வழங்குவது என்று பங்குப்பேரவையில் முடிவு செய்திருக்கிறோம். நம் பங்கில் பணியிலிருக்கும், ஓய்வு பெற்ற செவிலியர்கள், கல்லூரி திறக்கும்வரை சனிக்கிழமைகளில் இப்பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் மருந்துக் கணக்கும் சொல்லித்தர முன்வந்திருக்கிறார்கள். விண்ணப்பம் நிரப்ப இளையோர் இயக்கத்தினர் பங்கு அலுவலகத்தில் உதவுவார்கள். பணம் எதுவும் வேண்டாம்.

அன்று மாலை விடைபெறும் நேரத்தில்தான் அந்த மகள் வாய் திறந்தாள். "சாமி, அந்த சனிக்கிழமை கிளாசுக்கு நோட்டு கொண்டு வரணுமா?" என்று கேட்டாள். கொண்டு வரச் சொன்னோம். அவளுக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும் என்பது கலந்தாய்வில் தெரியும். அவள் தன் இரண்டு தாலந்தைப் புதைக்கவில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது.

செபிப்போம். ஆண்டவரே, முடிவுகளுக்காகக் காத்திருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அச்சத்தை நீக்கி, உழைக்கும் மனதைத் தாரும். நோயாளரின் அருகில் விழித்திருக்கும் செவிலியர் அனைவரையும் காத்தருளும். குறைவாகப் பெற்றவர்களைக் குறைவாக எண்ணாத உள்ளத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.