பாய் தள்ளுதா, இழுக்குதா?

குளச்சல், முட்டம் பக்கம் எஞ்சின் வர்றதுக்கு முன்னாடி கட்டுமரம் ஓடினது முக்கோணப் பாயிலதான். விடியுமுன் கரைக்காற்றைப் பிடித்துக் கடலுக்குப் போவாங்க. மதியம் கடல்காற்று எழும்பினதும் திரும்புவாங்க. பின்னாலிருந்து அடிக்கும் காற்று பாயைத் தள்ளும், அது எல்லாருக்கும் புரியும்.

காற்று பக்கத்துல இருந்து வந்தா? அங்கதான் விஷயமே இருக்கு. வளைந்த பாய் காற்றின் போக்கைத் திருப்புது. அப்போ புடைத்த பக்கம் அழுத்தம் குறையும்; பாய் அந்தப் பக்கம் இழுபடும். விமான இறக்கையை நிமிர்த்தி வச்ச மாதிரி. ஆனா இந்த விசையில் ஒரு பகுதிதான் முன்னோக்கி, இன்னொரு பகுதி பக்கவாட்டில். சும்மா விட்டா மரம் நண்டு மாதிரி ஒதுங்கிடும். அதனால தண்ணிக்குள்ள ஒரு பலகையை இறக்குவாங்க. பக்கவாட்டுத் தள்ளலைத் தண்ணீர் தாங்கிக்கும், மிச்ச விசை மரத்தை ஓட்டும். என்னைக் கேட்டா, பாயைவிடப் பெரிய கண்டுபிடிப்பு இந்தப் பலகைதான்.

நேர் எதிர்க்காற்றில் எந்தப் பாயும் ஓடாது. வளைஞ்சு வளைஞ்சுதான் கரை சேரணும். ஐஸ் இல்லாத காலம் வேற. நேரமானா மீன் கெட்டுடும், விலை போகாது.

இப்ப ஃபைபர் படகுகள்ல பெரும்பாலும் பாய் கிடையாது. நடுக்கடல்ல எஞ்சின் நின்னா, கட்டி இழுக்க இன்னொரு படகு வரணும்.