தொடங்கிய நடை தொடர்க!



உடல்நலம் பேணும் நல்வழக்கம் ஒன்றைத் தொடங்குதல் எவர்க்கும் எளிது. அதனை ஆண்டுதோறும் தொடர்தலே அரிது. புத்தாண்டு பிறந்ததும் விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றுப் பாலத்தின்மீதும், பழமலைநாதர் கோயிலைச் சூழ்ந்த வீதிகளிலும் வைகறையில் நடப்போர் தொகை பெருகும். புதுக் காலணி வாங்குவோரும், இனிப்பைத் துறந்தேன் என்று உறுதி கூறுவோரும் பலர். பங்குனி வெயில் தொடங்குமுன் அக்கூட்டத்தில் பாதி கரைந்துவிடும். அவ்வாறு நின்றவர் சோம்பேறிகள் அல்லர், அறியாதவரும் அல்லர். நடத்தல் நன்று என்பதை அவர்கள் நன்கறிவர். அறிந்த ஒன்று ஏன் நிலைக்கவில்லை, அதனை நிலைக்கச் செய்யும் வழி யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

இஃது ஏதோ அழகிற்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ ஆராயத்தக்க பொருளன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நாடு முழுவதும் நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10 கோடியே 10 இலட்சம் பேர். அந்நோயின் வாயிலில் நிற்போர் மேலும் 13 கோடியே 60 இலட்சம் பேர் என்று அது கணித்தது. வாயிலில் நிற்போர்க்கு நோவில்லை, அறிகுறியில்லை. ஆதலின் அவர்கள் எதனையும் மாற்றிக்கொள்ள விரைவதில்லை.

அவ்வாறு வாயிலில் நின்ற 531 பேரைச் சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் மூன்றாண்டுகள் தொடர்ந்து ஆய்ந்தனர். முடிவு 2006இல் வெளியாயிற்று. பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் மூன்றாண்டுகளுக்குள் நீரிழிவு நோயாளராயினர். நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தல், சர்க்கரையையும் கொழுப்பையும் தீட்டிய தானியத்தையும் குறைத்தல், நார்ப்பொருள் மிகுந்த உணவைச் சேர்த்தல் ஆகியவற்றில் தொடர்ந்து வழிகாட்டப்பெற்றவர்களில் அத்தொகை ஏறத்தாழ 39. மாத்திரை உண்டவர்க்கும் ஏறக்குறைய அதே அளவு பயனே கிட்டியது.

அவ்வாய்வில் உற்றுநோக்கத்தக்க செய்தி மற்றொன்று உண்டு. பயன்பெற்றவர்தம் உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. நடக்கத் தொடங்கிய பலர் இரண்டாம் மாதத்தில் எடைக்கருவிமீது ஏறி நின்று, முள் அசையாமை கண்டு, இத்தனை நாள் உழைப்பும் வீண் என்று விட்டுவிடுகின்றனர். அவர் குருதியில் நன்மை நிகழ்ந்துகொண்டிருக்கையில் முள்ளை நம்பி அதனை இழக்கின்றனர். எனவே அளக்க வேண்டியது எடையை மட்டுமன்று. இந்த வாரம் எத்தனை நாள் நடந்தோம் என்பதை நாள்காட்டியில் ஒரு புள்ளியிட்டு எண்ணுவோர்க்கு மனம் தளர்வதில்லை.

அடுத்த தடை, எட்டாத இலக்கு. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடந்தாக வேண்டும் என்ற எண் உலகெங்கும் வழங்குகிறது. அது மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று. தோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டான 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்ற அடியெண்ணும் கருவியின் பெயராகவே அது புறப்பட்டது. சராசரியாக 72 அகவை நிரம்பிய அமெரிக்கப் பெண்கள் 16,000க்கும் மேற்பட்டோரை ஆய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவு வேறு கூறிற்று. நாளுக்கு ஏறத்தாழ 4,400 அடி நடந்தவரிடையே இறப்பு, 2,700 அடி நடந்தவரைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்குமேல் கூடுதல் நன்மை தெரியவில்லை. உலக நலவாழ்வு நிறுவனமும் வாரத்திற்கு 150 நிமிட மிதமான உழைப்பையே குறைந்த அளவாகக் கூறுகிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி என்பதே அதன் பொருள். பாட்டியும் எட்டக்கூடிய அளவு இது.

எவ்வளவு என்பதைவிட எவ்வாறு தொடங்குவது என்பது முதன்மையானது. இவ்வூர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் பணிபுரிவோர்க்கு இதனை விளக்கவே வேண்டா. அச்சில் வார்த்தெடுத்த பச்சைப் பொருளை உடனே சூளையில் ஏற்றுவாரில்லை. முதலில் நிழலில் மெல்ல உலர வேண்டும். பிறகு சூளையின் வெப்பமும் படிப்படியாகவே உயர வேண்டும். ஆறுவதும் மெல்லவே நிகழ வேண்டும். அவசரப்பட்டால் பொருள் விரிசல் காணும். உடலும் அத்தகையதே. பத்தாண்டு அமர்ந்தே இருந்தவர் முதல் நாளிலேயே ஐந்து கிலோமீட்டர் ஓடினால் நான்காம் நாள் முழங்கால் வலி அவரை வீட்டில் அமர்த்திவிடும். முதல் வாரம் பத்து நிமிடம், பிறகு வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டுதல் என்பதே நிலைக்கும் முறை.

பழக்கம் எத்தனை நாளில் வேரூன்றும்? இருபத்தொரு நாள் என்று கூறுவோர் உளர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக்கொண்டு நடந்த ஆய்வில், ஒரு செயல் இயல்பாக நிகழும் நிலையை எய்த நடுத்தர அளவாக 66 நாள் ஆயிற்று. சிலர்க்கு 18 நாளே போதுமாயிற்று. சிலர்க்கு 254 நாள் வேண்டியிருக்கும் என்று கணிக்கப்பட்டது. நீர் அருந்தும் பழக்கம் விரைவில் படிந்தது, உடற்பயிற்சி தாமதித்தது. ஆதலின் ஒரு மாதம் கடந்தும் நடப்பது சுமையாகவே உள்ளதெனில் அது தோல்வியன்று. பழக்கம் இன்னும் உலர்ந்துகொண்டிருக்கிறது என்பதே பொருள். இடையே ஒரு நாள் தவறியமை பழக்கத்தைக் கெடுக்கவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிவு. ஒரு திருமணத்திற்குச் சென்று ஒருநாள் நின்றுபோனதைக் காரணமாக்கி முழுவதையும் கைவிடுவதே கேடு.

அவ்வாய்வில் கலந்துகொண்டோர் ஒவ்வொருவரும் புதுச் செயலை ஏற்கெனவே உள்ள ஒரு செயலோடு பிணைத்தனர். இம்முறை சமணக் குடும்பங்களுக்குப் புதிதன்று. பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கத்தை அவர்கள் நாள்தோறும் மனத்தோடு போராடியா காக்கின்றனர்? இல்லை. கதிரவனே அவர்க்கு மணி. வீடு முழுவதும் அதற்கிணங்க இயங்குகிறது. அந்த உணவை அடுத்துப் பதினைந்து நிமிட நடையைச் சேர்த்துவிட்டால் அதற்கெனத் தனி நேரமும் வேண்டா, தனி உறுதியும் வேண்டா. கத்திரி வெயில் நாள்களில் விடியுமுன் நடத்தல், மழை பெய்தால் கூடத்திலோ மாடியிலோ நடத்தல் என்று மாற்று வழியையும் முன்னரே வகுத்து வைத்தல் வேண்டும். காலையில் எழுந்தபின் மனத்தைக் கேட்டால் அது எப்பொழுதும் நாளை என்றே விடை கூறும்.

இறுதியாக, துணை. மேற்கூறிய சென்னை மருத்துவர் குழுவினரே நோயின் வாயிலில் நின்ற ஆண்கள் 537 பேரிடம் மற்றோர் ஆய்வு நடத்தி 2013இல் வெளியிட்டனர். ஒரு சாரார்க்கு உணவு, நடை பற்றிய சிறு குறுஞ்செய்திகள் கைப்பேசியில் தவறாது அனுப்பப்பட்டன. இரண்டாண்டு முடிவில் அவர்களுள் நூற்றுக்கு 18 பேர்க்கு நீரிழிவு வந்தது. செய்தி பெறாதவருள் 27 பேர்க்கு வந்தது. நினைவூட்டும் ஒரு வரிக்கே இத்துணை ஆற்றல் எனில், வாசலில் நின்று அழைக்கும் அண்டை வீட்டாரின் குரலுக்கு எத்துணை ஆற்றல் இருக்கும்! தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டமும் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை வகுத்து மக்களைக் கூடி நடக்கவே அழைத்தது.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ உடையோர் மருத்துவரைக் கண்ட பின்னரே தொடங்குக. நீரிழிவு மாத்திரை உண்போர் நடக்கையில் சிறிது கற்கண்டு வைத்திருத்தல் நன்று. அவர்கள் உண்ணாநோன்பு ஏற்குமுன் மருந்தின் அளவு குறித்து மருத்துவரைக் கேட்டே ஏற்க வேண்டும்; அந்நாளில் கடும் உழைப்பைத் தவிர்த்தல் வேண்டும்.

மாக்காயனார் மாணாக்கரான காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும், கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்றும் மருந்தின் பெயரையே சூட்டினர். நூலாயினும் மருந்தாயினும் அலமாரியில் வைத்துப் போற்றுவதால் பயனில்லை. அளவோடும் இடைவிடாமலும் கொள்வோர்க்கே அது பயன்படும். பெருவிழா நாளில் பெரிய சூள் உரைத்தலினும், விழா முடிந்த மறுநாள் காலையில் வீட்டில் ஒருவரைத் துணைக்கழைத்துப் பத்து நிமிடம் நடத்தல் நன்று. அதற்கடுத்த நாளும் நடத்தல் அதனினும் நன்று.