திருத்துவதற்கு முன்னால் ஒரு படி



தஞ்சாவூர்ப் பக்கம் பத்திரம், மனு, அழைப்பிதழ் எல்லாம் கணினியில் தட்டச்சு செய்து கொடுக்கிற தொழில் என்னுடையது. எழுதி வைத்த ஒரு கோப்பின் மேலேயே இன்னொன்றைச் சேமித்து, பழையதைப் பறிகொடுக்காமல் இருப்பது எப்படி என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

இது எப்படி நடக்கிறது தெரியுமா? ஒரு கிரயப் பத்திரத்தை யாரும் முதல் வரியிலிருந்து புதிதாக அடிப்பதில்லை. போன வாரம் எழுதியதைத் திறப்போம். பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், நான்கெல்லை, தொகை இவற்றை மாற்றுவோம். கை தன்பாட்டுக்குக் கன்ட்ரோல் எஸ் அழுத்திவிடும். அந்த நொடியில் போன வாரத்துப் பத்திரம் போய்விட்டது. கணினி எச்சரிக்கவும் எச்சரிக்காது. திறந்த கோப்பில்தானே சேமிக்கிறோம், அதற்கு என்ன தெரியும்?

எங்கள் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். அண்ணன் தம்பி மூன்று பேருக்குப் பாகப்பிரிவினை. நன்செய் எந்தப் பக்கம், வாய்க்கால் யாருக்குக் கிழக்கு, போர்செட்டில் யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று மூன்று பேரும் உட்கார்ந்து, பேசிப் பேசி முடித்த வாசகம் அது. இரண்டு நாள் கழித்து, "தம்பி, அந்த வரப்பு விஷயத்தில் ஒரு வரி மாத்தணும்" என்று வந்தார். கோப்பைத் திறந்தால் உள்ளே வேறொரு குடும்பத்தின் சொத்து விவரம். வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளை, அதையே மாதிரியாக வைத்து அடுத்த பத்திரத்தை அடித்துச் சேமித்திருக்கிறது. பெரியவர் கையிலிருந்த அச்சுப்பிரதியோ, கடைசித் திருத்தங்களுக்கு முந்தியது. அந்த மூன்று பேரையும் மறுபடி ஒரே பெஞ்சில் உட்கார வைப்பதற்குள் எவ்வளவு சங்கடம்! தட்டச்சை ஒரு மணி நேரத்தில் திரும்ப அடித்துவிடலாம், நேயர்களே. பேசி வந்த சம்மதத்தை அப்படி அடிக்க முடியாது.

அன்று முதல் எங்கள் கடையில் ஒரே சட்டம். பழைய கோப்பைத் திறந்ததும், ஒரு எழுத்தைக்கூடத் தொடுவதற்கு முன்னால், சேவ் ஆஸ் கொடுத்துப் புதுப் பெயர் வைக்க வேண்டும். வேர்டில் எஃப் 12 பொத்தானை அழுத்தினால் போதும். நிறையப் பேர் இதை வேலை முடிந்த பிறகு செய்யலாம் என்று நினைக்கிறார்கள். நடுவில் ஒரு போன் வரும், வாசலில் ஆள் கூப்பிடுவார், கை சேவ் பொத்தானுக்குப் போய்விடும். ஒன்டிரைவில் வேலை செய்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே ஆட்டோசேவ் ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் மாற்ற மாற்ற அது பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டு போகும்.

அடுத்தது பெயர். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கும்பாபிஷேக அழைப்பிதழ் அடித்தவர்களுக்குத் தெரியும், உபயதாரர் பெயர் வரிசை எத்தனை தரம் மாறும் என்று. சிலர் கணினியில் பார்த்தால் ஃபைனல், புது ஃபைனல், கடைசி ஃபைனல் என்று வரிசையாக இருக்கும். எது எதற்குப் பின்னால் வந்தது என்று அடித்தவருக்கே தெரியாது. நான் தேதியை முன்னால் போடுவேன். ஆண்டு, மாதம், நாள், அதன் பிறகு விஷயம், கடைசியில் எத்தனையாவது திருத்தம். மாதத்தையும் நாளையும் எப்போதும் இரண்டு இலக்கத்தில் போட வேண்டும். ஜூன் என்றால் 06. அப்படிப் போட்டால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் போய் நின்றுகொள்ளும். திருப்பணிக் குழுத் தலைவர் வந்து, "முந்தாநாள் பார்த்த வரிசையே நல்லா இருந்துச்சு, அதையே போட்டுடுங்க" என்று சொல்கிற அன்றைக்கு, எடுத்துக் கொடுப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது பாருங்கள், அதை அனுபவித்தால்தான் தெரியும்.

இந்த ஒழுங்கு நம் மண்ணுக்குப் புதிதில்லை. கும்பகோணத்துக்குக் கிழக்கே, காவிரியின் வடகரையில் திருக்கோடிக்காவல் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில், கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவியார் அந்தக் கோயிலைக் கருங்கல்லால் புதிதாக எடுப்பித்தார். அங்கே தனித்தனிக் கற்களில் பல்லவர் காலம் முதலான பழைய சாசனங்கள் கிடந்தன. விளக்கு எரிக்கப் பொன் கொடுத்தது யார், நிலம் விட்டது யார் என்பதற்கெல்லாம் அவைதான் ஆதாரம். அவற்றைப் படித்து, புதுச் சுவரில் திரும்ப வெட்டி வைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. இது பழைய கல்லில் இருந்ததன் படி என்று அந்தந்தக் கல்வெட்டிலேயே குறித்தும் வைத்தார்கள். எது மூலம், எது படி என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும் என்ற அந்த அக்கறையை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றும். அந்தப் பக்கம் போகிற நேயர்கள், சாமி கும்பிட்ட கையோடு சுவரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு வாருங்கள்.

நம் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் நடந்தது வேறு விதம். கருவறையைச் சுற்றிய அறைகளில் சோழர் ஓவியத்தின் மேலேயே நாயக்கர் காலத்தில் புதிதாகப் பூசி வரைந்துவிட்டார்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி, மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியில் வேறு ஓவியம் இருப்பதைக் கண்டுபிடித்தார். பிற்பாடு தொல்லியல் துறையினர் மேல் ஓவியத்தைப் பக்குவமாகத் தனியே பிரித்தெடுத்து, இரண்டையும் காப்பாற்றினார்கள். சுவரானதால் அடியில் இருந்தது பிழைத்தது. கணினிக் கோப்பில் அப்படி ஓர் அடி கிடையாது என்றே நினைத்து வேலை செய்யுங்கள்.

நேரம் நெருங்குகிறது, மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடிக்கடி எடுக்கிற மாதிரிப் பத்திரங்களை டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள். திறக்கும்போதே பெயரில்லாத புதுப் பிரதியாக வரும். மாறக் கூடாத கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ரீட் ஒன்லி குறியிடுங்கள். வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும், சேமிக்கும்போதெல்லாம் முந்தைய பிரதியைத் தனியாக எடுத்து வைக்கிற வசதி இருக்கிறது. அமைப்புகளில் தேடி, அதை இயக்கிக்கொள்ளுங்கள்.

தவறிப்போய் மேலே சேமித்துவிட்டால் கோப்பை மட்டும் மூடாதீர்கள். முதலில் எஃப் 12 அழுத்திப் புதியதை வேறு பெயரில் வையுங்கள். பிறகு கன்ட்ரோல் இசட் அழுத்திக்கொண்டே போனால் பழைய வரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். முழுவதும் வந்ததும், பழைய பெயரிலேயே மறுபடி சேமித்துவிடலாம்.

குத்தகைச் சீட்டோ, கூட்டுறவுச் சங்க மனுவோ, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டுரையோ, அடுத்த முறை பழைய கோப்பு ஒன்றைத் திறக்கும்போது முதலில் புதுப் பெயர், அதற்குப் பிறகுதான் திருத்தம். இதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இன்றைக்கே சொல்லிக் கொடுப்பீர்கள் என்று நம்புகிறேன்.