லிஸ்திராவில் வந்த மாலைகள்



இன்றைய துருக்கி நாட்டில் இருந்த ஊர் லிஸ்திரா. பிறவியிலேயே நடக்க முடியாத ஒருவர் அங்கே பவுலின் சொல் கேட்டுத் துள்ளி எழுந்தார். உடனே மக்கள் பர்னபாவைச் சேயுசு என்றும், பேசியவர் பவுல் என்பதால் அவரை எர்மசு என்றும் அழைத்தார்கள். எர்மசு கிரேக்கத் தெய்வங்களின் தூதர் அல்லவா! சேயுசு கோவில் அர்ச்சகர் காளைகளோடும் மாலைகளோடும் வந்துவிட்டார் (தி.ப. 14).

நாம் சிரித்துவிட வேண்டாம். அந்த வட்டாரத்துப் பிரிகியாவைப் பற்றிய ஒரு பழங்கதையை ரோமைக் கவிஞர் ஒவிட் எழுதியிருக்கிறார். இதே இரு தெய்வங்களும் மனித உருவில் வந்து ஆயிரம் வீடுகளில் தங்க இடம் கேட்டார்களாம். எல்லாரும் கதவை அடைத்தார்கள். ஏழை முதிய தம்பதியர் இருவர் மட்டும் வரவேற்று, தங்களிடம் இருந்த ஒரே வாத்தையும் விருந்துக்காகத் துரத்தினார்கள். (அது தெய்வங்களிடமே ஓடித் தஞ்சம் புகுந்தது!) மற்ற வீடுகளையெல்லாம் வெள்ளம் விழுங்கியது. இத்தகைய கதை கேட்டு வளர்ந்தவர்கள் மாலையோடு அச்சத்தையும் சுமந்து வந்திருப்பார்கள். நாம் ஏற்றும் நேர்ச்சை மெழுகுதிரிகளில் எத்தனை அன்பால் எரிகின்றன, எத்தனை பயத்தால்?

மழை தருபவர் சேயுசு என்பது கிரேக்கர் நம்பிக்கை. பவுல் சேயுசைப் பழிக்கவில்லை. மழையும் விளைச்சலும் தந்து உள்ளத்தை மகிழ்விப்பவர் வாழும் கடவுளே என்றார்.

வெளியூரார் வந்து தூண்டியதும் கூட்டம் மாறியது. பவுல்மீது கற்கள் விழுந்தன. இறந்தார் என்று வெளியே இழுத்துப் போட்டார்கள். அவரோ எழுந்து அதே ஊருக்குள் நடந்தார். அடுத்த பயணத்தில் அங்கேதான் திமொத்தேயுவைத் தம்மோடு அழைத்துக்கொண்டார்.