சீற்றத்தின் பின்னே நிற்கும் பிள்ளை
(அலோர் ஸ்டாரில் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



"உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று அடங்காத பிள்ளையை ஏசுவது நம் லயங்களில் நெடுநாள் வழக்கம். அங்கே 1911ஆம் ஆண்டில் தோன்றிய மனநல மருத்துவமனை இன்று 'பஹாகியா' என்னும் பெயர் பூண்டு விளங்குகிறது. அச்சொல்லுக்கு மகிழ்ச்சி என்பது பொருள். நாமோ அதனை ஏச்சாக்கி வைத்திருக்கிறோம்.

2022ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. அவர்களுள் மிகச் சிலருக்கே மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் நிலை வருகிறது. அங்கே ஒரு பையன் தட்டை வீசி எறிகிறான். தாதியை அடிக்கக் கையை ஓங்குகிறான். செய்தி கேட்ட நாம் "திமிர்" என்கிறோம்.

அது திமிர்தானா? இல்லாத குரல் காதில் ஒலிப்பவனுக்கு அருகில் வருபவரெல்லாம் பகைவராய்த் தோன்றுவர். சிறு வயதில் அடிபட்டு வளர்ந்தவன், தோளில் கை பட்டதும் அடி விழப்போவதாக எண்ணித் தற்காத்துக்கொள்கிறான். உந்துதலை அடக்கியாளும் மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரே முழு வளர்ச்சி பெறுகிறது. பூட்டிய கதவு, இரைச்சல், கேட்டது கிடைக்காத ஏமாற்றம், வருவதாகச் சொன்ன தந்தை வராமற்போன ஞாயிற்றுக்கிழமை, இவற்றில் ஒன்றே அவனுக்குப் போதும்.

சீற்றம் பெரும்பாலும் முன்னறிவிப்போடு வரும். பையன் இங்குமங்கும் நடப்பான்; கை முட்டி இறுகும்; குரல் உயரும். பயிற்சி பெற்ற தாதியர் அப்பொழுதே தணிந்த குரலில், குறைந்த சொற்களில் பேசுவர். நெருங்காமல் இடம் விட்டு நிற்பர். சினம் ஆறிய பின் நடந்ததைக் குறித்து அவனோடு உரையாடுவர். மிரட்டலுக்கு மிரட்டல் என்று நின்றால் வன்முறையே வளரும்.

பால் வெட்டும் கத்தி ஆழப் பதிந்தால் மரப்பட்டை முண்டாகப் புடைத்துவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். புடைப்புக்காக மரத்தை யாரும் வைவதில்லை.

ஆகவே, பிள்ளையைப் பார்க்கச் செல்லுங்கள். சொன்ன நாளில் செல்லுங்கள். செல்ல இயலாவிடில் முன்கூட்டியே தெரிவியுங்கள். அவனை எது சினமூட்டும், எது ஆற்றும் என்பதை மருத்துவரிடம் மறைக்காது கூறுங்கள். வீடு திரும்பிய பின் மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தாதீர்கள். தொடக்கத்திலேயே ஐயம் தோன்றினால் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தையோ, அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ நாடுங்கள். சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய 15555 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு.

ஊர் என்ன சொல்லும் என்று நாம் அஞ்சுகிறோம். வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் பிள்ளைக்கு அந்த ஊர் தெரியாது. நம் முகம் மட்டுமே தெரியும்.