நல்ல தேநீர் தயாரிக்கும் வகை

தேநீர் தயாரிக்கத் தெரியாதவரும் உண்டா, இதற்கு ஒரு சொற்பொழிவு வேண்டுமா என்று நேயர்கள் வியக்கக்கூடும். அந்த வியப்பில் நியாயம் உண்டு. வீடு, அலுவலகம், ரயில் நிலையம், தெருமுனை என்று இந்நாட்டில் அடுப்பு எரியும் இடமெல்லாம் தேநீர் கொதிக்கிறது. ஆயினும், நாள்தோறும் செய்கிற காரியத்தைப் பற்றித்தான் நாம் குறைவாக யோசிக்கிறோம். காப்பி விஷயத்தில் தமிழ் இல்லங்கள் காட்டும் கண்டிப்பு ஊரறிந்தது. கொட்டையை வறுக்கும் பதம், அரைக்கும் நயம், சிக்கரி சேர்க்கலாமா கூடாதா என்னும் வழக்கு, டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும் வரை பொறுத்திருக்கும் நிதானம், இவற்றில் ஒன்றையும் விட்டுக்கொடுக்க மாட்டோம். அதே சமையலறையில் தேயிலைக்குக் கிடைக்கும் மரியாதை என்ன? பால், நீர், தூள், சர்க்கரை அனைத்தையும் ஒரு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, அது பொங்கி வழியும் வரை வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம்.

மொழிபெயர்ப்பை ஜீவனமாகக் கொண்ட நமக்கு இதில் முதலில் கண்ணில் படுவது ஒரு வினைச்சொல். தமிழில் காப்பியையும் போடுகிறோம், தேநீரையும் போடுகிறோம். எப்படிப் போடுவது என்பதை அச்சொல் சொல்வதில்லை. தேயிலைப் பொட்டலத்தின் மேல் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும் இரண்டு வரிச் செய்முறையைத் தமிழாக்க வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். "கொதிக்க வைக்கவும்" என்று எழுதுவதா, "ஊற வைக்கவும்" என்று எழுதுவதா? அகராதி இதற்கு விடை தராது. பொட்டலத்தைப் பிரித்து உள்ளே இருக்கும் இலையைப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். சொல்லைப் பற்றிய தகராறு போலத் தோன்றினாலும், கோப்பையின் சுவை பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தே அமைகிறது.

பறித்து வந்த பச்சை இலையைத் தொழிற்சாலையில் முதலில் வாட வைக்கிறார்கள். அதன் பின் வழி இரண்டாகப் பிரிகிறது. பழைய முறையில், வாடிய இலையை உருட்டும் இயந்திரத்திலிட்டு மெல்ல முறுக்குவார்கள். இலை முழுதாகவோ பெருந்துண்டாகவோ நின்றுவிடும். இதற்கு ஆர்தடாக்ஸ் என்று பெயர். மற்றொன்று, பல் பதித்த இரட்டை உருளைகளுக்கிடையே இலையைச் செலுத்தி, நசுக்கி, கிழித்து, சுருட்டிச் சிறு மணிகளாக்கும் முறை. இம்மூன்று செயல்களின் ஆங்கில முதலெழுத்துக்களைக் கொண்டு இதனைச் சி.டி.சி. என்கிறார்கள். 1930-ஆம் ஆண்டை ஒட்டி அஸ்ஸாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் அமைத்த இயந்திரம் இது. இவ்வாறு நொறுக்கிய இலையிலிருந்து சாறு விரைந்து இறங்கும், கடுமையாகவும் இறங்கும். ஒரு கிலோவில் அதிகக் கோப்பைகள் தேறும். பாலும் சர்க்கரையும் எவ்வளவு சேர்த்தாலும் அதன் குரல் அடங்காது. இன்று ஆண்டுக்கு ஏறக்குறைய 130 கோடி கிலோ தேயிலை இந்தியாவில் உற்பத்தியாகிறது. அதில் மிகப் பெரும் பகுதி இந்த மணித் தேயிலையே. பெயர் பெற்ற டார்ஜிலிங் தேயிலையோ ஆண்டுக்கு ஒரு கோடி கிலோவைக்கூட எட்டுவதில்லை.

இந்தியரைத் தேநீர் குடிக்கச் செய்யப் பிரசாரம் தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்றால் இன்றைய இளைஞர் நம்பமாட்டார். அஸ்ஸாம் தேயிலை லண்டன் ஏலத்துக்கு முதன்முதல் வந்தது 1839 ஜனவரியில். அது முதல் நெடுங்காலம் இந்நாட்டுத் தேயிலை பெரும்பாலும் கடல் கடந்து போகவே விளைந்தது. 1903-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஏற்றுமதித் தேயிலையின் மீது தீர்வை விதித்து, அத்தொகையைத் தேயிலை விளம்பரத்துக்கு ஒதுக்கியது. 1930-களில் உலகச் சந்தை தளர்ந்தபோது விளம்பரக்காரர்களின் பார்வை உள்நாட்டின் மீது முழுமையாகத் திரும்பிற்று. சந்தைகளிலும் ஆலை வாசல்களிலும் தேநீர் போட்டுக் காட்டினார்கள். ரயில் நிலையங்களில் எனாமல் பலகைகள் நாட்டினார்கள். புதிதாகப் பிடித்த நீரைக் கொதிக்க வை, கெண்டியைச் சூடாக்கு, ஆளுக்கு ஒரு கரண்டி இலை போடு, மூடி வை, பிறகு பால் சேர் என்று இந்திய மொழிகளில் எழுதி வைத்தார்கள். அப்பலகைகளுக்கு வாசகம் அமைத்த பெயரறியாத மொழிபெயர்ப்பாளர்களை நம் தொழிலின் முன்னோர்களாக எண்ணி வணங்கத் தோன்றுகிறது. ஜனங்கள் தேநீரை ஏற்றுக்கொண்டார்கள். செய்முறையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார்கள்! பாலைக் கூட்டி, இஞ்சியும் ஏலமும் தட்டிப்போட்டு, இலையைக் குறைத்தார்கள். இலையின் செலவு குறைகிறதே என்று விளம்பரக்காரர்கள் கவலைப்பட்டார்கள். பிற்பாடு மலிவான சி.டி.சி. நாடெங்கும் பரவியபோது, ஜனங்கள் கண்டுபிடித்த முறைக்கு ஏற்ற இலையும் வந்து சேர்ந்தது.

ஆகவே, கொதிக்க வைப்பது பிழை, ஊற வைப்பதே முறை என்று சொல்ல நாம் வரவில்லை. முழு இலையைக் கொதிக்க வைப்பதுதான் அநியாயம். அதனை ஊற வைக்கும் வகையை முதலில் பார்ப்போம். பீங்கான் கெண்டி ஒன்றில் சிறிது வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட வேண்டும். ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது இரண்டு முதல் இரண்டரை கிராம் இலை போதும். (தேக்கரண்டி என்ற பெயரே தேயிலையால் வந்தது. இன்று அது மருந்தையும் பெருங்காயத்தையும் அளந்துகொண்டிருக்கிறது.) நீர் நன்றாகக் கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்கி இலையின் மேல் ஊற்றி மூடுங்கள். அஸ்ஸாம் இலைக்கு நான்கைந்து நிமிஷம். டார்ஜிலிங்கில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பறிக்கும் முதல் கொழுந்துக்கு மூன்று நிமிஷமே மிகுதி. அதற்கு நீரையும் சற்றே தணியவிட்டு ஊற்றுவது நலம். கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். வாசனையும் தெம்பும் முன்னரே இறங்கிவிடும், துவர்ப்போ பின்னால் மெதுவாக வந்து கடைசியில் எல்லாவற்றையும் மூடிவிடும். தேநீர் கடுப்பாக வேண்டுமென்போர் இலையைக் கூட்ட வேண்டும், நேரத்தைக் கூட்டலாகாது. நேரம் ஆனதும் வடித்துவிடுங்கள். இலையைக் கெண்டியிலேயே விட்டுவைத்தால் இரண்டாவது கோப்பை கஷாயமாகிவிடும்.

மலையேறிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். உயரம் கூடக் கூட, நீர் குறைந்த உஷ்ணத்திலேயே கொதிக்கத் தொடங்குகிறது. 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். 2,200 மீட்டருக்கு மேலான உதகமண்டலத்தில் நீர் 93 டிகிரிக்கும் சற்றுக் குறைவாகவே கொதிக்கிறது. ஆகவே சமவெளியில் மூன்று நிமிஷத்தில் இறங்கும் சாறு அங்கே இறங்கச் சற்றுக் கூடுதலான நேரம் பிடிக்கும்.

இனி, நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இருக்கும் மணித் தேயிலை. இதனைக் கொதிக்க வைக்கலாம், ஆனால் வரிசை தப்பக்கூடாது. இரண்டு பேருக்கென்றால் ஒரு கோப்பை நீருக்குச் சற்று மேலாக எடுத்துக்கொண்டு, தட்டிய இஞ்சியை அதில் போட்டு முதலில் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். பச்சை இஞ்சியில் பாலைத் திரியச் செய்யும் ஒரு நொதிப்பொருள் இருக்கிறது. கொதிநீரின் வெப்பத்தில் அது செயலற்றுப்போகும். இஞ்சி போட்ட பால் திரிந்துவிட்டது என்று பால்காரரைக் கடிந்துகொள்ளும் வீடுகளில் குற்றவாளி பெரும்பாலும் இதுவே. பிறகு இரண்டு தேக்கரண்டி தூளைப் போட்டு, இளந்தீயில் இரண்டு நிமிஷம். அதன் பின் ஒரு கோப்பை பால். பால் ஒருமுறை பொங்கி எழுந்ததும் ஏலக்காயைத் தட்டிப்போட்டு இறக்கி மூடுங்கள். ஏலத்தின் வாசனை எளிதில் ஆவியாகிப் போவது, ஆகவே அதற்கு இடம் கடைசியில்தான். வெல்லம் சேர்ப்பவர்கள் பாத்திரத்தை இறக்கிய பிறகே சேர்க்க வேண்டும், கொதிக்கும் பாலில் இட்டால் திரியலாம். தூளுக்கு முன் பாலை ஊற்றிவிடுவது அவசரக்காரர்களின் வழக்கம். பாலில் சாறு தடைப்பட்டு இறங்குவதால், நிறத்துக்காக மேலும் மேலும் தூளைப் போட நேர்கிறது.

தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைக்காரர் இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு வழி கண்டிருக்கிறார். தலைநகரின் தெருவோரத்தில் எல்லாம் ஒரே பாத்திரத்தில் கொதிக்க, நம்மூர்க் கடையில் பால் தனியே காய்கிறது. துணிப்பையில் நிறைந்த தூளின் வழியாகக் கொதிநீர் இறங்கி வருகிறது. கடைக்காரர் சாற்றையும் பாலையும் குவளையில் கலந்து, கையுயர்த்தி ஆற்றுகிறார். காப்பி வடிகட்டியை ஆளும் கையின் பழக்கம் தேயிலைக்கும் வந்திருக்கிறது என்றுதான் சொல்லவேண்டும். தூளும் அங்கே மிக நுண்ணியதாகத் தேவைப்படுகிறது. ஹைதராபாத் இரானியக் கடைகளிலும் சாறு ஒருபுறம், சுண்டக் காய்ச்சிய பால் ஒருபுறம். காஷ்மீரத்தில் உப்பும் சோடாவும் இட்டு இளஞ்சிவப்பாக்கும் தேநீரும், லடாக்கில் வெண்ணெய் இட்டுக் கடையும் தேநீரும் உண்டு. அவற்றுக்கு நம் விதிகள் செல்லா.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. கடின நீரில் தேநீர் கறுத்து மங்கும், மேலே ஒரு மெல்லிய படலம் மிதக்கும். நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் இலையின் சத்தும் கூடிச் செய்யும் வேலை அது. வடிகட்டிய மென்மையான நீர் கிடைத்தால் சாதாரண இலையே நன்றாகப் பேசும். இலையைக் காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். அருகிலுள்ள வாசனையைத் தேயிலை வாங்கிக்கொள்ளும். அஞ்சறைப் பெட்டிக்கு அண்டை வீடாக அது குடியிருக்கலாகாது.

கோப்பையில் பாலை முதலில் ஊற்றுவதா, பிறகு ஊற்றுவதா? ஆங்கிலேயரிடையே இது தீராத வழக்கு. பீகாரில் மோதிஹாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல், 1946 ஜனவரியில் லண்டன் பத்திரிகை ஒன்றில் தேநீருக்குப் பதினொரு விதிகள் எழுதி, தேநீரே முந்த வேண்டும் என்று தீர்ப்பளித்தார். 2003-ல் பிரிட்டனின் ராயல் வேதியியல் சங்கம் பாலே முந்த வேண்டும் என்றது. சூடான தேநீரில் சிறுகச் சிறுக விழும் பாலின் புரதம் சிதைகிறதாம். உலகத் தர நிர்ணய அமைப்பும் 1980-ல் ஒரு விதி வகுத்தது: 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் இலை, ஆறு நிமிஷம். ஆனால் அது தேயிலையைச் சோதிப்பவர்களுக்காக எழுதப்பட்டது. இலையின் குறையெல்லாம் வெளியே வரட்டும் என்ற நோக்கத்தோடு போடும் தேநீரை விருந்தினருக்குக் கொடுப்பது விவேகமாகாது. பாலில்லாமலே சுவைக்கக்கூடிய இலைக்கு இவ்வழக்கு எழவே எழாது என்பது நம் அபிப்பிராயம்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், நாவின் சுகத்துக்கு மட்டுமன்று. இந்நாட்டில் விளையும் தேயிலையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை இப்போது நாமே குடிக்கிறோம். விளைச்சலில் ஏறத்தாழப் பாதி சிறு விவசாயிகளுடையது. அவர்கள் பச்சை இலையைத் தொழிற்சாலைக்கு விற்றுப் பிழைப்பவர்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிக்கக் கூலியும் பொறுமையும் அதிகம் வேண்டும். முற்றிய இலையையும் சேர்த்துப் பறித்தால் எடை கூடும், சுவை கெடும். குடிப்பவர்களுக்கு வேறுபாடு தெரியாவிட்டால் இரண்டுக்கும் ஒரே விலைதான். பிறகு கொழுந்தைத் தேர்ந்து பறிப்பவர் எதற்காகப் பறிக்க வேண்டும்? நீலகிரியிலும் அஸ்ஸாமிலும் இக்கேள்வி பல குடும்பங்களின் அடுப்போடு சம்பந்தப்பட்டது.

அன்றாடத்துக்குத் தூளே இருக்கட்டும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, 100 கிராம் ஆர்தடாக்ஸ் இலை கேட்டு வாங்குங்கள். எந்தத் தோட்டம், எந்தப் பருவம், எப்போது கட்டியது என்று பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சொன்னபடி ஊற வைத்து வடித்து, முதல் வாய் எதுவும் சேர்க்காமல் குடித்துப் பாருங்கள். பாலும் சர்க்கரையும் பக்கத்திலேயே இருக்கட்டும்.