உயிர் பறிக்கும் அதிகாரத்துக்கு ஒரு வேலி

(யூபிலி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கொடிய கொலை ஒன்று நடந்துவிட்டால், "இவனைத் தூக்கில் போட வேண்டாமா?" என்று கடலூரிலும் கேட்கிறோம், சிதம்பரத்திலும் கேட்கிறோம். அந்தக் கோபம் இயல்பானதே. ஆனால் நம் அரசியல் சட்டம் கோபத்தின் கையில் கயிற்றைக் கொடுப்பதில்லை. நம் மாவட்டத்து வழக்கு ஒன்றே இதற்குச் சான்று.

2009 ஜூலையில், கம்மாபுரம் காவல் சரகத்தில், பள்ளி விட்டு வந்த ஏழு வயதுச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்டான். குற்றவாளிக்கு 2010-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வாண்டே சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2013 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளியது. ஆயினும் வழக்கு முடியவில்லை.

சட்டம் வகுத்த முறைப்படியன்றி எவர் உயிரையும் பறிக்கலாகாது என்கிறது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. 1980-இல் பச்சன் சிங் வழக்கில், மரண தண்டனை செல்லும் என்ற உச்ச நீதிமன்றம், அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே என்று வேலியும் போட்டது. குற்றத்தோடு குற்றவாளியின் நிலையையும் சீர்தூக்க வேண்டும் என்றது. 1983-இல் மிட்டு வழக்கில், ஆயுள் கைதி கொலை செய்தால் தூக்கு கட்டாயம் என்ற சட்டப்பிரிவையே செல்லாதென அறிவித்தது. தூக்குக் கைதிகளின் மறுஆய்வு மனுக்களை, அறைக்குள் காகிதத்தைப் பார்த்து முடிக்காமல், திறந்த மன்றத்தில் வாதம் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்று 2014-இல் தீர்ப்பளித்தது.

அந்த வழியில்தான் நம் மாவட்டத்து வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்தது. 2023 மார்ச் 21-இல் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். குற்றம் உறுதி என்றனர். ஆனால் இவர் திருந்த வாய்ப்புண்டா என்பதைக் கீழிருந்து மேல்வரை எந்த நீதிமன்றமும் உரியபடி ஆராயவில்லை என்றும் கண்டனர். இறந்தது ஒரே ஆண்பிள்ளை என்பதைத் தண்டனைக்குக் காரணமாக முன்பு காட்டியதையும் ஏற்கவில்லை. பிள்ளை ஆணா, பெண்ணா என்பது பொருட்டல்ல என்றனர். தூக்கு, 20 ஆண்டுக்குக் குறையாத, தண்டனைக் குறைப்பற்ற ஆயுள் சிறையாக மாறியது.

பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் துயரை எந்தத் தீர்ப்பும் ஆற்றாது. அந்தக் குடும்பத்துக்குத் துணை நிற்பது நம் கடமை. அதே வேளையில் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 2013-இலேயே தண்டனை நிறைவேறியிருந்தால், கேட்கப்படாத அந்தக் கேள்வியைப் பத்தாண்டு கழித்து யாருக்காகக் கேட்பது?